சொல்லும் ஆட்சியும் சிந்தையும்

மொழி என்பது கருத்தைப் புலப்படுத்தும் கருவி என்று இளமையில் பாடம் கேட்டோம். கருவியாயின் அது கையாள்பவர் விருப்பப்படி இயங்க வேண்டும். ஆயினும் கருவியே கையாள்பவரை இயக்கும் விந்தையும் உலகில் நிகழ்ந்து வருகிறது. நாம் சிந்தித்துச் சொற்களைத் தேர்கிறோமா, அன்றி நமக்கு முன்னமே வாய்த்த சொற்கள் நம் சிந்தனைக்கு வரம்பு கட்டுகின்றனவா என்னும் வினா அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் நகரில் குடியேறி, மூன்று நான்கு மொழிகளுக்கிடையே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் அது உரியதே. விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இப்புனே நகரின் வரலாறே அவ்விடையின் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது.

அரியணையும் அகராதியும்

1674ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இராய்கட் கோட்டையில் சிவாஜி முடிசூடினார். அதற்கு முன் தக்காணத்தில் மூன்று நூற்றாண்டுகளாகப் பாமினி சுல்தான்களும், அவர்க்குப் பின் பீஜப்பூர், அகமதுநகர் சுல்தான்களும் ஆண்டு வந்தமையால் அரசாங்கத்தின் மொழி பாரசீகச் சொற்களால் நிறைந்திருந்தது. வரி, நிலம், படை, கோட்டை, கணக்கு, கடிதம் ஆகிய எதனைப் பற்றிப் பேசினும் பாரசீகச் சொல்லோ அரபுச் சொல்லோ இன்றிப் பேச இயலாத நிலை. சிவாஜியின் தந்தை சாஹாஜியின் முத்திரையே பாரசீகத்தில் அமைந்திருந்தது. மகனோ தம் முத்திரையை வடமொழியில் பொறித்தார்.

முடிசூட்டு விழாவின்போது எண்மர் அடங்கிய அமைச்சரவைக்குப் புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. பேஷ்வா முக்கியப் பிரதானர் ஆனார். மஜும்தார் அமாத்தியர் ஆனார். சுர்னிஸ் சசிவர் ஆனார். வாக்னிஸ் மந்திரி ஆனார். தபீர் சுமந்தர் ஆனார். சர்னோபத் சேனாபதி ஆனார். பண்டிதராவும் நியாயாதீசரும் சேர எண்மர் நிறைந்தனர். இதனோடு அமையாது, ஆட்சித் துறையில் வழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஈடான வடமொழிச் சொற்களைத் தொகுத்துத் தருமாறு மன்னர் ஆணையிட்டார். அவ்வாறு எழுந்ததே 'இராஜ வியவகார கோசம்'. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பொருள்வாரியாகப் பகுத்துச் செய்யுள் வடிவில் தரும் இந்நூல் இரகுநாத பண்டிதர் பெயரால் வழங்குகிறது. தஞ்சையில் ஏகோஜியிடம் பணிபுரிந்து, பின்னர்ச் சிவாஜியைச் சார்ந்து, 1677ஆம் ஆண்டின் தென்னகப் படையெடுப்புக்குத் துணைநின்ற இரகுநாத நாராயண ஹனுமந்தே என்பாரே இவர் எனப் பலரும் கொள்வர். அங்ஙனமாயின், மராட்டிய அரசின் முதல் ஆட்சிச்சொல் அகராதிக்கும் நம் காவிரி நாட்டுக்கும் ஓர் உறவுண்டு என எண்ணி நாம் மகிழலாம்.

இவ்வகராதியின் நோக்கம் வெறும் மொழிப்பற்று அன்று. ஒருவர் தம்மை ஓர் அதிகாரி எனக் குறிக்கும்போது, அச்சொல் எந்த அரசவையிலிருந்து வந்ததோ அந்த அரசவையை அறியாமலே ஒப்புக்கொள்கிறார். சுல்தானின் சொல்லால் தம் பதவியைக் குறிக்கும் தளபதி மனத்தளவில் சுல்தானின் ஊழியரே. தன்னுரிமை அரசுக்குத் தன் பெயரில் நாணயம் வேண்டும் என்பது போலத் தன் சொற்களும் வேண்டும் எனச் சிவாஜி உணர்ந்தார் எனலாம்.

அகராதி வென்றதா?

வரலாறு இங்குத்தான் நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. சிவாஜி மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் அதிகாரம் புனேக்கு வந்தது. வந்தபோது அதனைக் கையில் ஏந்தியவர் எப்பெயரால் அழைக்கப்பட்டார்? முக்கியப் பிரதானர் என்று ஏட்டில் எழுதினாலும், உலகம் அவரைப் பேஷ்வா என்றே அழைத்தது. அகராதி நீக்க முயன்ற சொல்லே ஒரு பேரரசின் பெயராயிற்று. அவர்தம் கணக்கைக் காத்தவர் பட்னவீஸ், படைத்தலைவர்க்கு அளிக்கப்பட்ட நிலம் சரஞ்சாம், கோட்டைக்காவலர் ஹவில்தார், இவையாவும் அயற்சொற்களே. பேஷ்வாக்களின் ஆவணங்கள் மோடி எழுத்தில் எழுதப்பெற்றுத் துணி மூட்டைகளாகக் கட்டப்பட்டு இன்றும் புனேயின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் தெரிந்தெடுத்தவற்றை வரலாற்றறிஞர் கோ. ச. சர்தேசாய் 1930ஆம் ஆண்டு முதல் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். அத்தொகுப்பின் பெயர் 'பேஷ்வா தப்தர்'. 'தப்தர்' என்பதும் பாரசீக வழி வந்த சொல்லே.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? பாரசீகச் சொல் அதற்குள் அரசவையின் சொல்லாக மட்டும் இல்லை. உழவன் வாயிலும் வணிகன் கணக்கிலும் ஊறி மராத்தியாகவே மாறிவிட்டது. மாற்றாக வந்த வடமொழிச் சொல்லோ பண்டிதர் நாவில் மட்டும் நின்றது. எனினும் முயற்சி முற்றும் வீணாயிற்று எனக் கூறவும் இயலாது. சேனாபதி, அமாத்தியர், சசிவர் என்பன பட்டங்களாக வழிவழி நின்றன. மராத்தி உரைநடைக்குத் தன் காலில் நிற்கும் துணிவும் வந்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே முயற்சி மீண்டும் எழுந்தது. மொழித்தூய்மை இயக்கம் நடத்திய வி. தா. சாவர்க்கர் ஆக்கிய 'மகாபௌர்', 'தினாங்க்' போன்றவை இன்று வழக்கில் உள்ளன. அவ்வியக்கத்தை ஆதரித்து 1938இல் நூல் எழுதிய கவிஞர் மாதவ் ஜூலியன், பெர்குசன் கல்லூரியில் பாரசீகம் கற்பித்த ஆசிரியர் என்பது சுவையான செய்தி. அவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், மராத்தியில் மாவட்ட ஆட்சியரை 'ஜில்ஹாதிகாரி' என்றே வழங்குகின்றனர். அச்சொல்லின் முற்பாதி அரபு, பிற்பாதி வடமொழி. மக்கள் நாக்கு எந்த அகராதிக்கும் முழுமையாக அடிபணிவதில்லை.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது

நம் நாட்டுக் கதையும் இதற்கு இணையானதே. தாசில்தார், ஜமாபந்தி, பசலி, கிஸ்தி, வசூல், ரசீது, ஜாமீன், வக்கீல் என நம் முன்னோர் வழங்கிய சொற்கள் ஆர்க்காட்டு நவாபு காலத்திலும் கும்பினி ஆட்சியிலும் வேரூன்றியவை. சோழர் காலத்தில் வரித்துறைக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர். அத்திணைக்களம் என்னும் சொல்லை நாம் மறந்தோம், ஈழத்தமிழர் மறக்கவில்லை. இலங்கையில் அரசுத் துறையைக் குறிக்க இன்றும் அதுவே வழங்குகிறது.

சொல்லைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். அயற்சொல்லை அவர் வாயிலிலேயே தடுக்கவில்லை. தமிழ் எழுத்தை உடுத்திக்கொண்டு வருமாறு பணித்தார். ஆயினும் 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில், உடுத்திக்கொண்டு வந்தோர் வீட்டாரையே வெளியேற்றும் நிலை வந்திருந்தது. கூட்டத்துக்கு அக்கிராசனர், சங்கத்துக்குக் காரியதரிசி, தேர்தலுக்கு அபேட்சகர் என்பனவே அன்றைய நல்ல தமிழ். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஆட்சிச்சொல் அகராதியும் தொடர்ந்தது. இன்று தலைவர், செயலாளர், வேட்பாளர் என்பன குழந்தைக்கும் தெரியும். மாவட்டம், வட்டம், வழக்கறிஞர், பிணை ஆகியனவும் நிலைபெற்றன.

இராஜ வியவகார கோசம் பெறாத வெற்றியை இச்சொற்கள் பெற்றமைக்குக் காரணம் என்ன? அவை அகராதியிலிருந்து மக்களிடம் இறங்கி வரவில்லை. மேடைப் பேச்சிலும் நாளிதழிலும் பாடநூலிலும் பயின்று, மக்களிடமிருந்து அலுவலகத்துக்கு ஏறிச் சென்றன. அவற்றின் வேர்களும் மக்கள் அறிந்த வேர்களே. 'அபேட்சகர்' என்னும் சொல் நம் தாத்தாவுக்கு ஒரு பட்டமாகவே ஒலித்தது. 'வேட்பாளர்' என்றால், நம்மிடம் வேண்டி நிற்பவர் அவர் என்பது சொல்லிலேயே விளங்கும். வாக்காளர் நிமிர்ந்து நிற்கவும் வேட்பாளர் சற்றே வளைந்து நிற்கவும் ஒரு சொல் துணைசெய்கிறது. சொல் சிந்தையை உருவாக்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

செய்வார் இல்லாத வாக்கியம்

ஆட்சி மொழி பற்றிப் பேசும்போது, சொல் எம்மொழியைச் சார்ந்தது என்பதையே நாம் ஆராய்கிறோம். வாக்கியம் எவ்வாறு அமைகிறது என்பதை ஆராய்வதில்லை. பீகாரில் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் இதனை ஆராய்ந்தார். அவருடைய தந்தை அபினித் துறையில் பணியாற்றிய அரசு அலுவலர். அவரும் பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். கொடுமையான செயல்களை மெத்தென்ற சொற்களால் மூடும் வித்தையை அவர் அரசாங்கத்தின் உள்ளிருந்தே கண்டார். 1949இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நாவலில், ஆண்டுதோறும் சொற்களைக் குறைத்துக்கொண்டே வந்து, எதிர்த்து எண்ணுவதற்கே சொல் இல்லாமல் செய்யும் ஓர் அரசைப் படைத்தார்.

அத்தகைய கொடுங்கோல் நம்மிடம் இல்லை. ஆயினும் அதன் சிறு நிழல் நம் மேசைமீதும் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்துக்கு மூதாட்டி ஒருவர் வந்தார். மறைந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கவில்லை என்பது அவர் குறை. நாம் அனுப்பிய கடிதத்தையே அவர் கையில் வைத்திருந்தார். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்பது அதன் சாரம். அதனை மராத்தியில் விளக்கிக் கூறினோம். அம்மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோண்?" என்று ஒரே ஒரு சொல்லால் வினவினார். யார்? யார் பரிசீலிக்கிறார்?

நமக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அவ்வாக்கியத்தை எழுதி வந்த கை அன்று நாணிற்று. பரிசீலிக்கப்படுகிறது, ஆவன செய்யப்படும், நடவடிக்கை எடுக்கப்படும் என்னும் தொடர்களில் செயல் உண்டு, செய்பவர் இல்லை. எழுவாய் மறைந்த வாக்கியத்தை நாள்தோறும் எழுதுவோர்க்கு, நாளடைவில் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. அக்கோப்பைத் தேடினோம். எவரும் அதனைப் பரிசீலிக்கவில்லை. அது வேறொரு கட்டினடியில் உறங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் நாம் எழுதும் குறிப்பில் எவர், எந்நாளுக்குள் செய்வார் என்பதைக் குறித்தே எழுதுகிறோம். மேலதிகாரிகள் சிலர் முகம் சுளித்ததுண்டு.

அமெரிக்க மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பாரும் நம்மைப் போல் அலுவலகத்தில் உழைத்தவரே. தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக இருக்கும் தொழிலாளர், 'காலி' என்று பெயரிட்ட பீப்பாய்களின் அருகே கவலையின்றிப் புகைப்பதைக் கண்டார். காலிப் பீப்பாயில் தங்கும் ஆவியே மிகுந்த இடருடையது. சொல் கண்ணை மறைத்தது. மொழியே எண்ணத்தின் சிறை என்னும் அளவுக்கு வோர்ஃபின் வழிவந்தோர் சென்றதைப் பிற்காலத்தார் பலர் மறுத்துள்ளனர், அது முறையே. ஆயினும் 'முடிக்கப்பட்ட கோப்பு' என்று நாம் கட்டி வைத்த எத்தனை கோப்புகளுள் முடியாத துன்பங்கள் ஆவியாக நிறைந்துள்ளனவோ என எண்ணும்போது, அந்தப் பீப்பாய்க் கதை நெஞ்சை விட்டு அகலுவதில்லை.

இயந்திரம் கேட்கும் மொழி

எழுவாய் இல்லாத வாக்கியத்தைச் சிறிதும் ஏற்காத ஒருவர் இன்று நம்மிடையே உளர். அவர் கணினியார். எது, எந்நிலையில், எவ்வரிசையில் நிகழ வேண்டும் எனக் கூறாவிடில் அவர் அசையமாட்டார். 'ஆவன செய்க' என்னும் ஆணையால் அவரை ஏமாற்ற இயலாது.

இவ்வகைத் துல்லியமான மொழிக்கும் நம் நாட்டுக்கும் பழந்தொடர்பு உண்டு. பாணினி வடமொழியின் இலக்கணத்தை ஏறத்தாழ 4000 சூத்திரங்களுள் அடக்கினார். 1959இல் ஜான் பாக்கஸ் என்பார் கணினி மொழி ஒன்றின் இலக்கணத்தை வரையறுக்க ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். அதன் அடிப்படைப் பண்பு பாணினியிடம் முன்னமே உள்ளது என்றும், பாணினி பெயரையும் சேர்த்து அம்முறையை வழங்கலாம் என்றும் 1967இல் பீட்டர் இங்கர்மன் என்னும் அறிஞர் கணினி ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். பாணினியின் மொழிக்கு வரலாற்று முறையில் பேரகராதி தொகுக்கும் பணி, புனேயின் டெக்கான் கல்லூரியில் 1948 முதல் இன்றளவும் தொடர்கிறது.

இதே புனேயில் 1988இல் சி-டாக் நிறுவனம் தோன்றியது. மீத்திறன் கணினியான 'பரம்' 1991இல் இங்குப் பிறந்தது. கான்பூரில் அரும்பி இங்கு வளர்ந்த ஜிஸ்ட் நுட்பம் இந்திய மொழிகளைக் கணினித் திரையில் ஏற்றியது. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே அட்டவணை வகுக்கப்பட்டு, 'இஸ்கி' என்னும் பெயரால் 1991இல் தேசியத் தரமாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியில் தமிழுக்கு அமைந்த வரிசையும் இஸ்கியின் வழிவந்ததே.

அவ்வட்டவணையின் அச்சு தேவநாகரி. அதில் க, க்ஹ, ஃக, ஃக்ஹ என நான்கு ஒலிகளுக்கு நான்கு இடங்கள். தமிழுக்கு வேண்டியதோ ஒரே ககரம். ஆகவே எஞ்சிய மூன்று இடங்களும் ஒருங்குறியில் தமிழுக்கு வெற்றிடங்களாக நிற்கின்றன. தமிழுக்கே சிறப்பான ழகரமும், றகர னகரங்களும் ள, ர, ந என்பவற்றின் அருகே ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. இதனால் விளைவது யாது? நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே ழகரம் வரும். எனவே அகராதியில் 'அவல்' முன்னும் 'அழகு' பின்னும் அமையும். எண் வரிசையை மட்டும் பின்பற்றினால் 'அழகு' முன்னே வந்துவிடும். அதனைத் திருத்தத் தனி விதி எழுத வேண்டியதாயிற்று. இன்று அவ்விதியும் உண்டு.

இதில் வஞ்சகம் இருந்தது எனக் கூறுவது அறமன்று. ஒரே அட்டவணை அமைந்தமையால் சிறிய மொழிகளும் கணினியில் இடம்பெற்றன. ஒரு மொழியில் எழுதிய பெயரை மற்றொன்றின் எழுத்தில் நொடியில் மாற்ற முடிந்தது. ஆயினும் அட்டவணை வகுக்கும் அவையில் எம்மொழியின் நெடுங்கணக்கு முன்மாதிரியாக வைக்கப்படுகிறதோ, அம்மொழியின் சிந்தனையே எல்லார்க்கும் வரம்பாகிறது என்பது தெளிவு. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு, தமிழ் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் வேறொரு குறிமுறையையும் தரமாக ஏற்றது இக்குறையை உணர்ந்தே.

மற்றொரு முயற்சியும் நம் கருத்தைக் கவர்கிறது. முத்து அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கினார். ஆங்கில வழிக் கணினி மொழிகளில் நிபந்தனையைக் குறிக்கும் சொல் முதலில் வரும். நிபந்தனை பின்னே வரும். 'மழை பெய்தால் குடை எடு' என்னும் தமிழ்ப் பிள்ளைக்கு அது தலைகீழ் நடை. எழிலில் நிபந்தனை முதலில் நிற்க, 'ஆனால்' என்னும் சொல் அதன்பின் வருகிறது. தமிழின் நடையிலேயே இயந்திரத்துக்கும் ஆணையிடலாம் என்பதற்கு இது சான்று. ஆணைகளின் தொகுப்புக்குத் தமிழர் இட்ட 'நிரல்' என்னும் பெயரும் நயமுடையது. வரிசை என்னும் பொருளை அது தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.

நாமும் நாங்களும்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? சொல்லை மாற்றினால் மட்டும் சிந்தை மாறிவிடாது. பேஷ்வா என்னும் பெயரே அதற்குச் சான்று. மக்கள் வேரிலிருந்து முளைத்த சொல் சிந்தையை நிமிர்த்தும். வேட்பாளர் என்னும் சொல்லே சான்று. செய்பவரை மறைக்கும் வாக்கியம் மனச்சான்றை உறங்கச் செய்யும். அம்மூதாட்டியின் ஒற்றைச் சொல் வினாவே சான்று.

இவ்வுண்மைகளை நாம் நம் வாழ்வில் பொருத்திப் பார்க்க வேண்டும். விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தோர் அனைவரையும் 'மதராசி' என்னும் ஒரே சொல்லால் அடைத்த காலம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் அச்சொல் வசையாகவும் வீசப்பட்டது. நம் பெரியோர் அக்காலத்தின் அச்சத்தைக் கூறக் கேட்டிருக்கிறோம். நாமும் குற்றமற்றவர் அல்லேம். வடக்கேயிருந்து வந்தவர் எவராயினும் 'சேட்டு' என்று அழைத்தவர் நாமே. ஒரு சொல்லுள் பலரை அடைக்கும்போது, அவர்தம் முகங்களைக் காணும் வேலை நமக்கு இல்லாமற் போகிறது.

இதற்கு மருந்தும் மொழியிலேயே உண்டு. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. முன்னது கேட்போரையும் உளப்படுத்தும். பின்னது அவரை விலக்கும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாட்டுக்கு இரு தனிச் சொற்கள் இல்லை. ஆனால் மராத்தியில் உண்டு. 'ஆபண்' என்பது நாம். 'ஆம்ஹீ' என்பது நாங்கள். திராவிட மொழிகளோடு நெடுங்காலம் பழகியதால் மராத்தி பெற்ற பேறு இது என மொழியறிஞர் கருதுவர். நாம் இந்நகரின் பேட்டைகளில் குடியேறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே, நம் சிந்தனையின் ஒரு பகுதி மராத்திக்குள் குடியேறிவிட்டது.

நம் பிள்ளைகள் தமிழ் மறந்தால் இழப்பது ஒரு பாடத்தை மட்டும் அன்று. அயலாரோடு பேசும்போது அவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்குகிறோமா என ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கச் செய்யும் ஒரு பழக்கத்தையே இழக்கின்றனர். அவர்கள் மராத்தியை நன்கு கல்லாது விட்டாலும் இழப்பு அதுவே. எனவே வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரமேனும் பிள்ளைகளோடு தூய நல்ல தமிழில் பேசுவோம். வீதியில் நல்ல மராத்தியில் பேசுவோம். சங்கத்தின் அரங்கில் 'நாங்கள் தமிழர்' என்று கூறுவதில் பெருமையுண்டு. படியிறங்கித் தெருவுக்கு வந்ததும், எதிர்வீட்டு அம்மையாரிடம் 'ஆபண்' என்று தொடங்குவதில் அதனினும் பெரிய நன்மை உண்டு.